துடைத்து வைத்த வயல்

இதில் ஒரு எழுத்து பொய்யென்றால் என் மீசையில் பாதியை மட்டும் வழித்து நடுத்தெருவில் நிறுத்துங்கள். அத்தனையும் நிஜம்.

வெள்ளம் வடிந்து இரண்டே நாளில் வந்திருக்க வேண்டிய நிவாரண அதிகாரி, பன்னிரண்டாம் நாள்தான் வந்தார். வந்தவர் சுத்தக்காரரின் வயலைப் பார்த்து முழித்தார்.

"சேதம் எங்கங்க?"

"இருக்கிற ஒரே ஏக்கர் சார். மக்காச்சோளம் மொத்தமும் அழுகிப் போச்சு."

"அழுகினது எங்கே?"

"ஆறு பண்ணின வேலைன்னு ஆத்துலயே தள்ளிவிட்டுட்டேன். அதிகாரி வர்ற இடம், அசிங்கமா இருக்கலாமா?"

ஊரே சுத்தக்காரர் என்று கூப்பிடுவது சும்மாவா? மண்வெட்டியைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவுகிற மனுஷன்.

அதிகாரி போனைப் பையில் போட்டார். "அழுகின பயிர் போட்டோவுல விழணும். இல்லேன்னா ஒரு பைசா வராது. நாளைக்குக் காலையோட கணக்கெடுப்பு முடியுது."

"சார், விதைக்குக்கூட வழியில்ல. இந்தப் பணம் வரலேன்னா நிலத்தைத் தரிசாப் போட்டுட்டுக் கூலிக்குத்தான் போகணும்."

"சட்டத்தை நானா எழுதினேன்?"

வரப்புக்கு அந்தப் பக்கம் பங்காளி சிரித்தான். அந்த வரப்புச் சண்டையில் ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவனுக்கும் அதே சோளம், அதே அழுகல். ஒரு தட்டையைக்கூட அள்ளவில்லை.

"என் வயலைப் போட்டோ எடுத்தாச்சுல்ல சார்? சோம்பேறின்னு திட்டினாங்க. இப்பப் பாருங்க, சோம்பேறிக்குத்தான் காசு!"

சுத்தக்காரருக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மனைவியோடு வயலுக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். துடைத்து வைத்த வயல் முழுக்க அழுகிய சோளத்தட்டை. நாற்றம் குடலைப் பிடுங்கியது. பங்காளியின் வயலோ பளிச்சென்று கிடந்தது.

"பார்த்தியாடி! போட்டோ எடுத்த கையோட அவன் குப்பையை நம்ம தலையில கொட்டிட்டான்!" மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு பங்காளி வீட்டைப் பார்த்துப் பாய்ந்தார். மனைவி இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"ஏங்க, கொலைகாரன் பொண்டாட்டின்னு எனக்குப் பேர் வாங்கித் தராதீங்க!"

அந்த நேரம் பார்த்து அதிகாரி பைக்கில் வந்து இறங்கினார். வணக்கம்கூடச் சொல்லாமல் நாலு மூலையிலிருந்தும் போட்டோ எடுக்க ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க சார்! இது என் பயிர் இல்ல. அந்தப் படுபாவி கொட்டினது!"

மனைவி அவர் கையில் நறுக்கென்று கிள்ளினாள். "வாயை மூடுங்களேன்!"

"எதுக்குடி மூடணும்? பொய்க் காசு எனக்கு வேண்டாம்!"

"உங்க பயிர் அழுகினது பொய்யா?" போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார் அதிகாரி. "நான் பத்து நாள் லேட்டா வந்தது பொய்யா?"

சுத்தக்காரர் ஓங்கிய மண்வெட்டி மட்டும் இறங்கவில்லை.

"பணம் கிடக்கட்டும் சார். அவனை இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டுத்தான் மறுவேலை!"

அதிகாரி ஓடிவந்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டார். காதோரம் குனிந்தார்.

"விடுங்க, பாவம். அவர் எழுந்திரிக்க முடியாமப் படுத்திருக்கார். விடியறதுக்குள்ள ஒரு ஏக்கர் தட்டையைச் சுமக்கிறதுன்னா சும்மாவா? நானும் கூட இருந்தேன், எனக்கே முதுகு விட்டுப்போச்சு."

அந்த அதிகாரி இன்னும் வேலையில்தான் இருக்கிறார். அதனால், யார் சொன்னது என்று எவனாவது கேட்டால், என் பேரை மட்டும் இழுத்துவிடாதீர்கள்.