மூன்று விபத்தும் ஒரு முள்ளந்தண்டும்

“ஐயா, உண்மையைச் சொல்லுங்கோ. நீங்கள் எங்கை விழுந்தனீங்கள்?”

ஆண்கள் வாட்டில், ஆறாம் கட்டிலருகே நோய்க்குறிப்பு டிக்கெட்டும் கையுமாக நின்றாள் பஹ்மியா. ஆஸ்பத்திரிப் பதிவேட்டு அறையில் அவளுக்கு வேலை. டொக்டர்மார் எழுதுகிற ஒவ்வொரு நோய் வருத்தத்துக்கும், அது வந்த காரணத்துக்கும், உரிய கோட் இலக்கத்தைப் போட வேண்டும். சூசைப்பிள்ளையின் டிக்கெட்டில் மட்டும் அவளுடைய பேனா ஓடவில்லை.

வருத்தம் தெளிவு. முள்ளந்தண்டில் ஒரு எலும்பு நொறுங்கிப் பதிந்துவிட்டது.

காரணம்தான் மூன்று. சேர்க்கும்போது எழுதிய தாளில், ‘முருங்கை மரத்தால் விழுந்தவர்’. நேர்ஸ் எழுதியதில், ‘குளியலறையில் வழுக்கினவர்’. காலையில் வந்த சின்ன டொக்டர் எழுதியதில், ‘மான் முட்டியது’.

“மூண்டும் நடந்தது பிள்ளை,” என்றார் சூசைப்பிள்ளை, மல்லாந்து படுத்தபடியே. “மரத்தாலை விழுந்தன். மேல் கழுவப் போய் வழுக்கினன். றோட்டுக்கு வந்தா, மான் நிக்குது.”

வாட்டே சிரித்தது.

“கடலுக்கை விழேல்லையோ சூசையண்ணை?” என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

“அது நாளைக்கு.”

கதிரையில் இருந்த மனைவி அருள்மலர் தலை நிமிராமல் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

“பகிடி விடாதேங்கோ ஐயா. மரத்தாலை விழுந்தா ஒரு கோட். வழுக்கினா இன்னொண்டு. மிருகம் முட்டினா அதுக்கு வேறை...”

“மான் முட்டினதுக்கும் கோட் இருக்கோ!” சந்தோசத்தில் எழும்பப் பார்த்தவர், “ஐயோ மாதாவே” என்று திரும்பச் சரிந்தார். “அப்ப மானையே போடுங்கோ. கேக்கிற ஆக்களுக்கும் வடிவாயிருக்கும்.”

“மானைப் போட்டா, இடுப்பு நாரிக்குப் பெல்ட் ஒண்டைக் கட்டி நாளைக்கு வீட்டை விட்டிடுவினம். ஆனா பெரிசா அடி ஒண்டும் படாமல் நொறுங்கியிருந்தா, எலும்பு உக்கிப்போச்சோ எண்டு சோதிச்சு மருந்து துடங்கோணும். இல்லாட்டி அடுத்த எலும்பும் போகும். பிறகு நீங்கள் நிமிந்து நடக்க ஏலாது. டொக்டர் ஜெசிகா இண்டைக்குப் பின்னேரம் முடிவெடுக்கப் போறா.”

அருள்மலரின் கை நின்றது.

“சுடுதண்ணி எடுத்துக்கொண்டு வாறன்,” என்று பிளாஸ்கோடு எழும்பிப் போனார்.

அவர் வாசலைத் தாண்டினாரோ இல்லையோ, சூசைப்பிள்ளை விரலை மடக்கிப் பஹ்மியாவைக் கிட்டக் கூப்பிட்டார்.

“மனிசியைத் தூக்கினனான்.”

“என்ன?”

“மெல்லமாக் கதையுங்கோ! ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கலியாணம் கட்டி நாப்பது வருசம். பூசை முடிய, கடற்கரையிலை படம் எடுக்கப் போனம். மகள் சொன்னாள், இப்பத்தைய சோடியள் மாதிரி அம்மாவைத் தூக்குங்கோ அப்பா எண்டு. நான் துறைமுகத்திலை முப்பது வருசம் மூட்டை சுமந்தவன், ஏலாதெண்டு சொல்லுவனோ? கண்ணை மூடி, மூச்சைப் பிடிச்சு, ஒரே தூக்கு! நாரியிலை ‘டக்’ எண்டது. படத்திலை பாருங்கோ, சிரிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்.”

“அன்ரிக்குத் தெரியாதோ?”

“தெரிஞ்சா, தன்ரை பாரத்தாலைதான் எண்டு அழுதழுது சோத்தை விட்டிடுவாள். எழுபத்தெட்டுக் கிலோ இருப்பாள். எனக்கு அது பூ மாதிரி. எழுதுங்கோ, ஆனா அவளுக்குச் சொல்லப்படாது.”

பொய்காரக் கிழவன் என்று காலையிலிருந்து மனதுக்குள் திட்டியது பஹ்மியாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு அறைக்கு ஓடி, ‘எழுபத்தெட்டுக் கிலோ பாரம் தூக்கும்போது’ என்று குறிப்பு எழுதி டொக்டருக்கு அனுப்பினாள். என்ன பாரம் என்று எழுதவில்லை.

பத்து நிமிடத்தில் டொக்டர் ஜெசிகா போன் எடுத்தார்.

“எழுபத்தெட்டுக் கிலோவோ! அவ்வளவைத் தூக்கினா வாலிபப் பெடியனுக்கும் நாரி போகும். எலும்புச் சோதனைக்கு இப்ப இவரை அனுப்பத் தேவையில்லை. பெல்ட்டைக் கட்டி வீட்டை விடுவம், மிச்சத்தைக் கிளினிக்கிலை பாப்பம்.”

பஹ்மியா போனை வைத்தபோது வாசலில் அருள்மலர் நின்றார். பிளாஸ்க் வெறுமையாகத்தான் இருந்தது.

“பிள்ளை, என்னைத் தூக்கினதெண்டு சொன்னவரோ?”

பஹ்மியா விழித்தாள். “உங்களுக்குத் தெரியுமோ அன்ரி?”

“அந்த ‘டக்’ எனக்கும் கேட்டதுதானே. எழுதிப்போட்டீங்களோ?”

“ஓம். எழுபத்தெட்டுக் கிலோ எண்டு...”

“எண்பத்திரண்டு,” என்று திருத்தினார் அருள்மலர். “ஆனா அதை வெட்டுங்கோ.”

“இதிலை என்ன வெக்கம் அன்ரி?”

“வெக்கமோ? உண்மையை எழுதினாத்தானே அந்தச் சோதனையைச் செய்வினம்?”

அருள்மலர் எட்டி வெளியே பார்த்தார். கதவைச் சாத்தினார். வாயைப் பொத்தியும் சிரிப்பு விரலிடுக்கால் வந்துவிட்டது.

“அவர் கண்ணை மூடினவுடனை, நான் பின்னாலை கிடந்த கல்லிலை ஏறி நிண்டிட்டன் பிள்ளை. கல்லைச் சாறி மறைச்சுப்போட்டுது. அந்த மனிசன் என்னை ஒரு அங்குலமும் தூக்கேல்லை. இதை டொக்டருக்கு மட்டும் சொல்லுங்கோ... அவர் தூக்கினவராவே இருக்கட்டும்.”