பன்றியின் தும்மல்

"பன்றி தும்மும்போது குதிக்கிற பட்டனை அழுத்தினா என்ன ஆகும் தெரியுமா, மாப்பிள்ளை?"

"தெரியாதே மச்சான். தும்மும்போது எதுக்குக் குதிக்கணும்?"

அண்ணனுக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போனது. தங்கைக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை முதல்முறையாக வீட்டுக்குத் தனியாக வந்திருந்தார். வந்ததிலிருந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த உம்மணாமூஞ்சியோடு காலம் முழுக்க என்னத்தைப் பேசுவது என்று அண்ணனுக்குக் கவலை வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் டி.வி.யில் 'தள்ளுமுள்ளு' விளையாட்டைப் போட்டான். மாப்பிள்ளையின் முகத்தில் பல்பு எரிந்தது.

தள்ளுமுள்ளு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அந்தரத்தில் ஒரு மேடை மிதக்கும். பன்றி, தவளை, கரடி, குடைக்காரி என்று ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு, அடுத்தவரை அடித்துக் கீழே தள்ள வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அண்ணன் அதை விளையாட்டுக்காக ஆடவில்லை. அந்த வீட்டின் மாடிப்படிக்குக் கீழே ஒரே ஒரு ஸ்கூட்டர் நிற்கிற அளவுக்குத்தான் நிழல். மாதத்துக்கொரு ஞாயிறு அவனும் மாடி வீட்டுப் பல் டாக்டரும் மோதுவார்கள். ஜெயித்தவர் வண்டி நிழலில் நிற்கும், தோற்றவர் வண்டி வெயிலில் காயும். ஒரு வருடமாகக் காய்வது டாக்டரின் வண்டிதான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்பவும் போட்டி. அதுல இறக்கப்போற சரக்கு இது. நல்லாப் பாருங்க."

பன்றி கண்ணை மூடிக்கொண்டு தும்மியது. அண்ணன் குதிக்கும் பட்டனைத் தட்டினான். தும்மல் நிற்கவேயில்லை. பன்றி தும்மிக்கொண்டே மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வழுக்கிப் போய், மாப்பிள்ளையின் தவளையை வாரிக் கீழே தள்ளியது.

மாப்பிள்ளை நாற்காலி நுனியிலிருந்து இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இது எப்படி மச்சான்? எந்த பட்டன் முதல்ல?"

"தும்மல்தான் முதல்ல. மூக்கு சுருங்குது பாருங்க, அப்ப குதி."

"இன்னொரு தடவை பண்ணுங்க. மெதுவா."

அண்ணன் உருகிப்போனான். இந்த வீட்டில் அவனுடைய திறமையை யார் மதித்தார்கள்? அம்மா கேட்பதெல்லாம் எப்போது டி.வி.யை அணைப்பாய், எப்போது ஜெராக்ஸ் கடையைத் திறப்பாய் என்பதுதான்.

"அண்ணா, அவரோட வேலையைப் பத்திக் கொஞ்சம் கேளேன்" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் தங்கை.

"கம்ப்யூட்டர்ல ஏதோன்னு அம்மா சொன்னாங்க. ஊர்ல பாதிப் பேர் அதைத்தான் பண்றாங்க, அதுல கேக்க என்ன இருக்கு? மாப்பிள்ளை, நீங்க இங்க பாருங்க. மேடை விளிம்பைப் பிடிச்சுத் தொங்கினா, பிடிச்ச உடனே ஒரு நொடி எந்த அடியும் மேல படாது. அது எல்லாருக்கும் தெரியும். நான் என்ன பண்ணுவேன், விட்டுட்டு விட்டுட்டுப் பிடிப்பேன். பிடிக்கப் பிடிக்க அந்த நொடி புதுசா ஆரம்பிக்கும். சாயந்திரம் வரைக்கும் தொங்கலாம்."

"டாக்டர் என்ன பண்ணுவாரு?"

"பல்லைக் கடிப்பாரு."

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அண்ணன் மூன்றாவதையும் அவிழ்த்துவிட்டான். குடைக்காரி குடையை விரித்துக்கொண்டு சட்டென்று திரும்பினால் தரைக்குள்ளே இறங்கிவிடுவாள். கீழேயிருந்தபடி மேலே நிற்பவர்களின் காலை வாரலாம்.

"இதெல்லாம் வேற யாருக்குத் தெரியும் மச்சான்?"

"எனக்கும் உங்களுக்கும்தான். சொந்தத் தங்கச்சிக்கே சொன்னதில்லை. டாக்டர் காதுக்குப் போச்சு, என் வண்டி வெயிலுக்குப் போச்சு."

"சத்தியமா டாக்டர்கிட்ட சொல்ல மாட்டேன்."

மாப்பிள்ளை கிளம்பியதும் அண்ணன் அம்மாவிடம், "தங்கமான மனுஷன்மா. கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணைக் கொடுக்கலாம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கைலியோடு இறங்கி வந்து தன் கரடியை எடுத்துக்கொண்டார். அண்ணன் பன்றியை எடுத்தான். மூக்கு சுருங்கியது, குதிக்கும் பட்டனைத் தட்டினான். பன்றி ஒரே ஒரு தும்மல் தும்மிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றது. கரடி அதை நிதானமாக வந்து எத்தியது.

அடுத்த சுற்றில் அண்ணன் விளிம்பில் தொங்கினான். இரண்டாவது தடவை பிடிக்கும்போதே நடுமண்டையில் அடி விழுந்தது. கடைசி நம்பிக்கையாகக் குடைக்காரியை இறக்கிக் குடையை விரித்துத் திருப்பினான். தரை தரையாகவே இருந்தது. அவள் மழைக்குக் காத்திருப்பவள் போல நின்றாள், கரடி அவளைக் குடையோடு தூக்கிப் போட்டது.

"என்ன தம்பி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று டாக்டர் அக்கறையாகக் கேட்டார். தோற்றதைவிட அதுதான் அண்ணனுக்குத் தாங்கவில்லை.

டாக்டர் சீட்டியடித்துக்கொண்டே தன் வண்டியை நிழலுக்குத் தள்ளினார். அண்ணன் தன் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு, வயிற்றெரிச்சலோடு போனை எடுத்தான்.

"மாப்பிள்ளை, உண்மையைச் சொல்லுங்க. டாக்டர்கிட்ட ஏதாவது உளறினீங்களா?"

"ஐயோ, சத்தியம் பண்ணிட்டுச் சொல்லுவேனா மச்சான்? எங்க மேனேஜர்கிட்ட மட்டும்தான் சொன்னேன். தள்ளுமுள்ளுல இருக்கிற கோளாறையெல்லாம் தேடிப் பிடிச்சுச் சரிபண்றதுதானே என் வேலை. நீங்க காட்டின மூணையும் வெள்ளிக்கிழமையே சரிபண்ணி எல்லார் வீட்டுக்கும் அனுப்பிட்டோம், எனக்குப் பதவி உயர்வே கிடைச்சிருச்சு. வேற ஏதாவது கைவசம் இருந்தா சொல்லுங்க மச்சான்."