அவர் தேர்ந்தெடுத்த மைக்

"இன்னொரு தடவ படி" என்றார் அவர். கடை முழுக்கக் கேட்கிற குரல்.

கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த மனைவி, மறுபேச்சு இல்லாமல் அதே பக்கத்தைத் திருப்பினாள். மைக் வாங்க வருகிறவர்கள் சோதித்துப் பார்க்கவென்று ஒதுக்கிய அறை அது. உள்ளே பேசுவது வெளியே ஹெட்போனில்தான் கேட்கும்.

விற்பனைப் பெண் ஹெட்போனை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே கேட்டுப் பாருங்க சார்."

"எனக்கு வேண்டாம். நீ மாட்டிக்கம்மா."

மாட்டிக்கொண்டாள். அவர் எதிரே வந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மனைவி நாலு வரி படிப்பதற்குள், "இது சரிப்படாது. வேற எடு" என்றார்.

"சார், கடையிலயே ஒசத்தி இதுதான். ஊசி விழுந்தாக்கூடப் பிடிக்கும்."

"ஊசி விழறத யாரும்மா காசு குடுத்துக் கேப்பாங்க? வேற எடு."

அடுத்த மைக்கில் ஒவ்வொரு 'ப'வும் காதில் அறைந்தது.

"இதுக்குப் பஞ்சு உறை போட்டா சரியாயிடும் சார்" என்று, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு உறையைத் தேடப் போனவள், அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். அவர் திரும்பக்கூட இல்லை. ஹெட்போனை எடுத்துக்கொண்டு நேராகப் போய், கிடார் கம்பி வாங்க வந்திருந்த தாடிக்காரரைப் பிடித்தார்.

"ஒரு நிமிஷம் இதக் கேளுங்க சார். உள்ள இருக்கறது என் வீட்டுக்காரி. புத்தகத்த வீட்லேயே படிச்சுப் பதிவு பண்ணி ஒலிப்புத்தகமாக் குடுக்கப் போறா. பதிப்பகத்துக்காரங்களே தேடி வந்து கேட்டாங்க, ஆமா."

தாடிக்காரர் தர்மசங்கடத்தோடு மாட்டிக்கொண்டார். அவர் முகத்துக்கு நேராகவும் அதே முறைப்பு.

"ம்ஹூம். இதுவும் ஆகாது."

பெருமை எல்லாம் இவருக்கு, தொண்டை வலி அந்தம்மாவுக்கு என்று நினைத்துக்கொண்டாள் விற்பனைப் பெண். மைக்கை மாற்றுகிற சாக்கில் கண்ணாடி அறைக்குள் போனாள்.

"தண்ணி குடிங்க மேடம். வீட்ல எங்க உட்கார்ந்து படிப்பீங்க?"

"படுக்கையறையிலதான். ஃபேனை நிறுத்திட்டு, துணி அலமாரியத் திறந்து வச்சு, அது முன்னாடி உட்கார்ந்துப்பேன். எதிரொலி வராது. வேர்த்துக் கொட்டும், அவ்வளவுதான்."

"இவ்வளவு தெரிஞ்சிருக்கு. அப்போ மைக்கையும் நீங்களே எடுக்கலாமே? படிக்கப் போறது நீங்கதானே?"

"இல்லம்மா. அவர் பார்த்து எடுத்தாதான் எனக்குத் திருப்தி."

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு வாயில்லாப் பூச்சியா என்று தோன்றியது அவளுக்கு. அதுவும் வாயால் பிழைக்கப் போகிறவள்.

அந்தக் கோபத்திலேயே, கீழ்த்தட்டில் யாரும் கேட்காமல் கிடந்த ஒரு கறுப்பு மைக்கை எடுத்து மாட்டினாள். பார்வைக்கு எடுப்பாக ஒன்றும் இல்லை. வாய்க்குக் கிட்டத்தில் வைத்துப் படித்தால்தான் குரலைப் பிடிக்கும். இதையும் வேண்டாம் என்றால் வேறு கடை பார்த்துக்கொள்ளட்டும்.

வெளியே வந்து வேண்டாவெறுப்பாக ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

மனைவி படித்தாள். வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் ஒரு தாய் நுழைகிறாள். மகள் வளர வளர, அவள் உயரத்தைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தவள். இப்போது நிலை முழுக்கச் சேறு. முந்தானையால் துடைக்கிறாள். துடைக்கத் துடைக்கச் சேறுதான் வருகிறது.

கல்லாவில் இருந்த செல்போன் மினுக்கி மினுக்கி ஓய்ந்தது. விற்பனைப் பெண் எடுக்கவில்லை. கம்பிக்குப் பணம் கட்ட வந்த தாடிக்காரர் "பில்லு..." என்றார். அதுவும் அவள் காதில் ஏறவில்லை.

பக்கம் முடிந்தது. மனைவி நிமிர்ந்தாள்.

விற்பனைப் பெண் ஹெட்போனைக் கழற்றாமலே கதவைத் திறந்து, "கோடு இருந்துச்சா மேடம்?" என்று கேட்டாள்.

அவர் மேஜையைத் தட்டினார்.

"இதுதான். இதையே கட்டிக் குடு."

அவளுக்குச் சுர்ரென்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. கடையில இருக்கறவங்க காதுல எல்லாம் மாட்டி விட்டீங்க. நீங்க ஒரு தடவ கேட்டிருக்கக் கூடாதா? மேடம் எப்படிப் படிக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

கடைசி வார்த்தை வரை அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர் சிரித்தார். அறையிலிருந்து வந்த மனைவியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"தெரியாதும்மா. காய்ச்சல்ல காது போனப்புறம்தான் இவளக் கட்டிக்கிட்டேன். கேக்கறவங்க முகத்தப் பார்த்துத்தான் இவ குரலத் தெரிஞ்சுக்குவேன். இன்னிக்கு உன் முகத்துல கேட்டேன் பாரு, அவ்வளவு நல்லா நான் எங்கயும் கேட்டதில்ல."