எந்தப் படிப்பு வேண்டும்?

ஜவ்வாது மலையில் இருக்கும் இளவரசியின் வீட்டுக்குக் கல்லூரி ஆள் ஒருவர் பைக்கில் வந்திருந்தார். பெயர் ரஞ்சித்குமார்.

“இன்னா படிக்கப் போற?”

“பாட்டனி சார். ஆனா பிளஸ் டூவுல மார்க் கம்மி.”

“பரவால்ல. எது வேணுமோ எடுத்துக்க. மலைப் பசங்களுக்கு ஃபீஸ கவர்மென்ட்டே கட்டிடும்.”

அப்பா காளியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியைத் துடைத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார். இளவரசி விண்ணப்பத்தில் ‘தாவரவியல்’ என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மதிப்பெண் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் கொடுத்தாள்.

“ஹாஸ்டல் இருக்குதா சார்? இங்கருந்து பஸ் கம்மி.”

“ஹாஸ்டல் எதுக்கு? நீ வூட்லயே இரும்மா. ரிஜிஸ்டர்ல உன் பேர் இருந்தா போதும், கவர்மென்ட் பணம் காலேஜுக்கு வந்துடும்.”

“அப்ப பாட்டனி?”

“அந்த டிபார்ட்மென்ட்டே எங்ககிட்ட இல்லியே.”

இளவரசி சான்றிதழ்களைப் பிடுங்கிக்கொண்டு விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டாள். அப்பா வாசலைக் காட்டினார்.

ரஞ்சித்குமாருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

“காலேஜுக்கு வர வேணாம், படிக்கவும் வேணாம்னு சொல்றேன். அதுக்குப் போய் யாராவது கோவப்படுவாங்களா?”