ரபீக்கா எழுதிய கடுதாசி

கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு கடுதாசிக் கதை சொல்கிறேன்.

கொட்டகலைக் கடைவீதியின் பின்சந்தில் சட்டை தைத்துக் கொடுப்பவள் ரபீக்கா. எழுதவும் தெரிந்தவள் என்று கேள்விப்பட்டு, தேயிலைத் தோட்டத்திலிருந்து ராக்காயி ஓடி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தாயி, எம்மகன் பழனியாண்டிக்குத் தோட்டத்துல பேரு வெட்டி வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. சரிபுதீன் முதலாளி துணிக்கடையில ஆள் எடுக்கிறாங்களாம். கடுதாசி குடுக்கணுமாம். எட்டாவது படிச்சவன்னு எழுதுங்க."

"நெசமா படிச்சது?"

"அஞ்சு."

"அப்ப அஞ்சுதான் அக்கா."

"ஐயோ, அவரு கோவக்காரராமே! தூக்கிக் கடாசிட்டா?"

"கோவம் வரும். சோறு போட்டா அடங்கிடும்" என்றபடி ரபீக்கா எழுதி முடித்தாள்.

ராக்காயி கடுதாசியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்துக்கொண்டு முன்வீதிக் கடைக்கு ஓடினாள்.

அந்திக்குக் கடையைச் சாத்திய சரிபுதீன், பின்கட்டுக்கு வந்து கடுதாசிகளை மனைவியிடம் நீட்டினார். பள்ளிவாசலில் ஓதிய காலத்தில் தமிழையும் அரபு எழுத்திலேயே படித்தவர். தமிழ் எழுத்து அவருக்குப் பிடிபடாது.

"வாசி ரபீக்கா."

ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"எல்லாப் பயலும் எட்டாவதுங்கிறான். இந்தப் பழனியாண்டிதான் அஞ்சுன்னு உள்ளதைச் சொல்றான். நாளைக்கே வரட்டும். கையெழுத்து எப்படி?"

ரபீக்கா முக்காட்டை இழுத்துச் சிரிப்பை மறைத்தாள்.

"உங்க பொண்டாட்டி கையெழுத்து மாதிரியே அழகா இருக்குங்க."

உங்கள் வீட்டுக் கடுதாசிகளும் நல்லவர் வாயாலேயே வாசிக்கப்படட்டும். உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும், கண்ணுகளா.