பதினாறாவது அடி

“ஏழு” என்றார் மீராசா ராவுத்தர்.

பிரம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. முதுகுத் தோல் வெடித்து ரத்தம் தெறித்தது. “எட்டு” என்றார். இருபத்தாறு வருடம் ஜெயில் வார்டராக இருந்தவர். பிரம்படியில் எண்ணிக்கை பிசகக் கூடாது என்பது அவருக்கு ஊறிப்போன பழக்கம்.

ஆனால் இது ஜெயில் இல்லை. பேரையூருக்கு மேற்கே ஒரு பருத்திக் காடு. வெடித்துக்கொண்டிருந்த முதுகும் அவருடையதுதான். மாட்டுவண்டிச் சக்கரத்தை இரண்டு கைகளாலும் பற்றியபடி குனிந்து நின்றார். அடித்துக்கொண்டிருந்தவன் அந்தக் காட்டுக்காரன் காளை.

அரை மணி நேரத்துக்கு முன் அவர் தனியாக அந்த வரப்பில் வந்தார். கையில் அதே பிரம்பு. களை வெட்டிக்கொண்டிருந்த காளை நிமிர்ந்து பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டான்.

“வாங்க வார்டரய்யா. கம்பும் கையுமால்ல வந்திருக்கீக. இன்னும் மிச்சம் இருக்கோ?”

“நான் இப்ப வார்டர் இல்லப்பா. வெள்ளிக்கிழமை பம்பாய்க்கு ரயிலேறுறேன். அங்கிருந்து கப்பல்ல மக்காவுக்கு. ஹஜ்ஜுக்குப் போறேன்.”

“நல்லாப் போயிட்டு வாங்க. அத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீக?”

“போறதுக்கு முன்ன எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும். அல்லாவுக்குச் செஞ்ச பாவத்த அல்லா மன்னிப்பான். மனுசனுக்குச் செஞ்சத அந்த மனுசன் மன்னிச்சாத்தான் உண்டு. இல்லேன்னா ஹஜ்ஜு கபூலாகாது, ஆண்டவன் ஏத்துக்கமாட்டான்னு பள்ளிவாசல் அசரத்து சொல்லிட்டாரு.”

“எம்புட்டுப் பேருகிட்டக் கேட்டீக?”

“சொந்தக்காரன், பக்கத்து வீட்டுக்காரன் எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கி.”

காளை களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு நின்றான்.

“பன்னெண்டு வருசமாச்சு” என்றார் ராவுத்தர். “களிச்சட்டியத் தூக்கிச் சுவத்துல அடிச்சதுக்காக உனக்குப் பதினஞ்சு அடி உத்தரவாச்சு. நான் பதினாறு அடிச்சேன்.”

“தெரியும். நானும் எண்ணிக்கிட்டுத்தான இருந்தேன்.”

“பதினஞ்சு முடியுற வரைக்கும் நீ வாயத் தொறக்கல. முடிஞ்சதும் எங்க அம்மாவ இழுத்து ஒரு வார்த்தை சொன்னே. கோவத்துல கை ஓங்கிருச்சு. அந்த ஒண்ணு சர்க்கார் அடி இல்ல. என் அடி, என் பாவம். தொழுகையில நின்னாக்கூட பதினாறு, பதினாறுன்னு காதுல விழுகுது.”

“அப்ப அந்தப் பதினஞ்சு?”

“அது உத்தரவுப்பா. அதுல எனக்கென்ன கோவம்? உன் பேருகூட அப்பத் தெரியாது. நம்பர்தான். இப்ப ரெஜிஸ்தரப் பாத்துத்தான் பேரும் ஊரும் கண்டுபிடிச்சு வாரேன்.”

வெயிலில் கரிசல் மண் வெடித்துக் கிடந்தது. காளை களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினான்.

ராவுத்தர் பிரம்பைக் கொடுத்தார். சட்டையைக் கழற்றி மடித்து வண்டியில் வைத்தார். முதல் அடியை வாங்கி “ஒண்ணு” என்று சொல்லி நிமிரப் போனபோது இரண்டாவது விழுந்தது. திரும்பிப் பார்த்தார். காளையின் முகத்தில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. அவர் மறுபடி குனிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“பன்னெண்டு” என்று அவர் சொன்னபோது குரல் உடைந்திருந்தது. காட்டின் மறு கோடியிலிருந்து காளையின் மனைவி ஒச்சாயி ஓடிவந்தாள்.

“அடப்பாவி மனுசா! வயசானவரப் போட்டுக் கொல்றியே! ஜெயிலுக்குப் போனது பத்தலையாக்கும்?”

பிரம்பைப் பிடித்து இழுத்தவளைக் காளை ஒரே தள்ளாகத் தள்ளினான். அவள் பருத்திச் செடிகள்மேல் மல்லாந்து விழுந்தாள்.

“நீ விலகிக்கம்மா” என்றார் ராவுத்தர். “இது எங்க ரெண்டு பேருக்குள்ள. இன்னும் நாலுதான்.”

பதின்மூன்றாவது அடியில் முழங்கால் மடங்கியது. பதினான்கு மண்டியிட்டபடி. “பதினஞ்சு” என்றபோது அவர் நெற்றி வண்டிச் சக்கரத்தில் மோதி நின்றது. வேட்டியின் மடிப்பு முழுக்க ரத்தம் ஊறியிருந்தது.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அடி விழவில்லை. பிரம்பு பக்கத்துக் கிணற்றில் விழுந்த சத்தம்தான் கேட்டது.

“இன்னும் ஒண்ணு இருக்குப்பா” என்றார் பதறிப்போய். “அந்தப் பதினாறாவதுக்குத்தான் நான் வந்ததே. அதையும் அடிச்சுப்புட்டு, மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. நான் ரயிலேறணும்.”

காளை அவர் எதிரில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவனுக்கும் மூச்சு வாங்கியது.

“கோவத்துல அடிச்ச அந்த ஒண்ண அன்னைக்கே மன்னிச்சுட்டேன், ராவுத்தரே. இது, கோவமே இல்லாம அடிச்சீகளே, அந்தப் பதினஞ்சுக்கு.”