ரசீது எதுக்குத் தங்கச்சி?

பதினொன்று பத்துக்கு அவள் வழக்கைக் கூப்பிட்டார்கள்.

தையல்காரி எழுந்து போய்க் கூண்டில் ஏறினாள். வக்கீல் வைக்கவில்லை.

எட்டு மாத வாடகை பாக்கி என்று பழைய வீட்டுக்காரர் போட்ட வழக்கு. சொல்லாமல் பூட்டிக்கொண்டு போய்விட்டாள், எட்டு மாதம் வீடு சும்மா கிடந்தது, பிறகு பூட்டை உடைத்துத்தான் திறந்தேன் என்று மனுவில் எழுதியிருந்தார்.

சாவியை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் அவள் கிளம்பினாள். எழுதி வாங்கவில்லை. குடியிருந்த ஆறு வருடமும் எதையும் எழுதி வாங்கியதில்லை.

கேட்டால் சிரிப்பார். "நமக்குள்ள ரசீது எதுக்குத் தங்கச்சி?"

தோற்றால் மிஷினை விற்றுத்தான் கட்ட வேண்டும்.

காலையில் வராந்தாவில் அவருடைய வக்கீல் சமாதானம் பேசினார். பாதி கட்டினால் போதுமாம்.

"பாதிப் பொய்க்கு மட்டும் எதுக்கு சார் கட்டணும்?" என்றாள்.

இப்போது அதே வக்கீல் கூண்டின் அருகே வந்து நின்றார். "காலி பண்ணதுக்கு ஒரு துண்டுக் காகிதமாவது இருக்காம்மா?"

அவள் பையிலிருந்து அளவு நோட்டை எடுத்தாள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

வாசித்தாள். தேதி, அவள் வீட்டை விட்ட பதினேழாம் நாள். ஜன்னல் திரை ஒன்று. அகலம் நாற்பத்தொன்று. உயரம் இடப்பக்கம் அறுபத்து மூன்று, வலப்பக்கம் அறுபத்தொன்றரை.

வீட்டுக்காரர் எழுந்து வந்து வக்கீலின் கையைத் தொட்டார்.

அந்த வீட்டில் கொத்தனார் கோணலாக வைத்துவிட்டுப் போன ஜன்னல். ஆறு வருடம் அதற்குத் திரை தைத்துத் தைத்துப் பிரித்தவள் அவள். அந்த அளவோடு ஒருத்தி அவளுடைய புதுத் தையல் கடைக்கு வந்து நின்றபோது, எந்த வீடு என்று அவள் கேட்கவே இல்லை.

மூன்றாவது பெஞ்சிலிருந்து அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

அவளிடமும் ரசீது கிடையாது. சாயங்காலம் அவள் திரும்பிப் போக வேண்டியதும் அதே வீட்டுக்குத்தான். இருந்தும் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நன்றாகவே நின்றாள்.

தையல்காரி நோட்டை மூடினாள். வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அந்த எட்டு மாசமும் இந்த அக்கா உங்க கையில குடுத்ததுக்குப் பேரு என்ன?"